லொறிக்குச் சொன்ன பலெஸ்திரா

தம்பி,

சனிக்கிழமை காட்டுக்குப் போகும்போது அந்தப் பலெஸ்திராவை எடுத்துக்கொண்டு போகாதே. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். நீ தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பவன். இரண்டாம் பக்கத்தில் கண் சோர்ந்து, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று மடித்து வைக்கக்கூடியவன். ஆகவே சுகம் விசாரிப்பதற்கு முன்பே சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி நீ மடித்து வைத்தாலும் எனக்குக் கவலையில்லை. மடிக்காமல் வாசித்தால், உன் அப்பா எவ்வளவு பெரிய மடையன் என்பதற்கு அவனே கையெழுத்திட்ட அத்தாட்சி உனக்குக் கிடைக்கும். உன் அம்மா கலியாணம் முடித்த நாளிலிருந்து தேடுகிற காகிதம் அது.

நாங்கள் சுகம். குசினிக் கூரையில் ஒழுக்கு பழைய இடத்திலேயே இருக்கிறது. அம்மா வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறாள். பல்லரோச் சந்தையில் வாங்கிய முருங்கைக்காய், வறுத்த தூள், மருமகள் கிரேசியாவுக்கு ஒரு சேலை, இவற்றோடு இந்தக் கடிதமும் வரும். வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தது நான்தான். இந்த நாட்டு வேட்டைச் சட்டத்தின்படி செவ்வாயும் வெள்ளியும் யாரும் எதையும் வேட்டையாடக்கூடாது என்று அண்மையில் அறிந்தேன். செவ்வாயும் வெள்ளியும்! இத்தனை வருடமாக அந்த இரண்டு நாளும் அம்மா மீன் சட்டியை ஒளித்துவைத்து என்னைப் பருப்போடு உட்காரவைத்தபோது, அதை வன்னிச் சைவத்தின் பிடிவாதம் என்றே நினைத்தேன். மன்னார் வேதக்காரனான எனக்கு, கத்தோலிக்க முறைப்படி, வெள்ளியில் இறைச்சியை விட்டால் போதும். இத்தாலியச் சட்டத்தை எழுதியவர் அம்மாவின் பக்கத்து ஊர்க்காரராகத்தான் இருக்கவேண்டும். அவளிடம் சொன்னேன். "இப்ப எண்டாலும் விளங்கிச்சே," என்றாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒக்டோபரில் நீ எனக்குப் போன் எடுத்த அன்று, நான் துறைமுகப் பக்கம் உள்ள எங்கள் கராஜில், ஒரு மீன் லொறிக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன். அதற்கு முந்திய வாரம் நீ அம்மாவிடம் இரண்டு செய்தி சொல்லியிருந்தாய். ஒன்று, உன் மாமனாரோடு காட்டுப் பன்றி வேட்டைக்குப் போகப்போகிறாய் என்பது. மற்றது, உன் பழைய வான் வண்டியின் அடியில் ஏதோ முறிந்து சத்தம் போடுகிறது என்பது. அம்மா இரண்டையும் எனக்குச் சொன்னாள். நான் புத்தகம் ஒன்றை வாசித்தபடி "ஓம், ஓம்" என்றேன். இரண்டு ஓமில் ஒன்றுதான் உண்மை. வான் மட்டும் மனதில் நின்றது, பன்றி போய்விட்டது. பதினேழு வருடம் வாகனங்களுக்குக் கீழே வாழ்ந்தவனின் காது அப்படித்தான் வேலை செய்யும்.

எங்கள் கராஜில் பலெஸ்திரா என்றால் ஒரே ஒரு பொருள்தான். லொறியின் அடியில், தகட்டின்மேல் தகடாக அடுக்கி வளைத்து வைத்திருக்கும் வில்லு. பாரத்தைத் தாங்குவது அதுதான். ஆர்கோ என்றாலும் ஒரே பொருள்தான், மின்சாரத்தால் ஒட்டுகிற வெல்டிங். தகடு முறிந்தால் புதுத் தகடு போடவேண்டும், ஒட்டக்கூடாது. ஒட்டினால் மறுபடி அதே இடத்தில் முறியும். இந்தத் தொழிலில் நான் சத்தியம் செய்து சொல்லக்கூடிய விஷயங்கள் மூன்று, அதில் இது முதலாவது. அப்படிப்பட்ட மனுசனிடம் நீ கேட்டாய்:

"அப்பா, வேலையிலையோ?"

"ஓம். சொல்லு."

"ஒண்டு கேக்கவேணும். ஆர்கோவோ, பலெஸ்திராவோ? எது நல்லம்?"

"பாரம் எவ்வளவு வரும்?"

"நூறு கிலோ வரும். பெரிசெண்டால் நூற்றைம்பது."

உன் மாமனாரின் நொச்சோலாக் கொட்டை மூட்டைகளைப் பற்றிப் பேசுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்ப யோசிக்க என்ன கிடக்கு? பலெஸ்திரா."

"மாமா ஆர்கோ தான் நல்லமெண்டு சொல்லுறார்."

"கொட்டைத் தோட்டக்காரனுக்கு இதெல்லாம் எங்கை விளங்கப்போகுது? ஆர்கோ ரெண்டு நாளைக்கு நிக்கும். மேட்டிலை ஏறேக்கை முறிஞ்சுதெண்டால் ஆள் தப்பாது."



"ஆள் தப்பாதோ?"

"எத்தினை பேரைப் பாத்திட்டன். ஆர்கோவை நம்பி மலைக்குப் போகாதை."

"கிரேசியாவின்ரை சித்தப்பாவிட்டைப் பழசு ஒண்டு கிடக்கு. அதை எடுக்கட்டோ?"

"பழசு தொடாதை. அதை வைச்சு ஆர் என்ன பாடு படுத்தினாங்களோ! புதுசு எடு. எண்ணெய் பூசி வை."

"சரி அப்பா." பிறகு, போனை வைப்பதற்கு முன், "தேங்க்ஸ் அப்பா," என்றாய்.

லொறியின் கீழிருந்து வெளியே வந்து, கராஜ் முதலாளி மாஸ்த்ரோ தூரியிடம் சொன்னேன், என் மகன் என்னிடம் யோசனை கேட்டான் என்று. அவர் சிசிலிக்காரர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். கையைத் துடைத்துவிட்டு என் முதுகில் தட்டினார். அன்று முழுவதும் நான் போட்ட ஆணிகள் ஒன்றுகூடக் கோணல் இல்லை.

மூன்று நாள் கழித்து நீ போனில் ஒரு படம் அனுப்பினாய். வானின் முன் இருக்கையில் ஏதோ ஒன்று கறுப்பாகக் கிடந்தது. துப்பாக்கியின் பிடி, அதன் முன்னே குறுக்காக ஒரு வில், கீழே ஒரு விசை. "அப்பா சொன்னதுதான்" என்று ஆங்கில எழுத்தில் தமிழ். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உன் வானில் இதை எங்கே பூட்டுவது என்று உண்மையாகவே யோசித்தேன். விளங்காமல் படத்தை மாஸ்த்ரோவிடம் காட்டினேன்.

"மாஸ்த்ரோ, இது எந்த வண்டிக்குப் போடுறது?"

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "இது வண்டிக்குப் போடுறதில்லை. பன்றிக்குப் போடுறது," என்றார். பிறகு, "அதுவும் போடேலாது," என்றார்.

நான் தொலைபேசி உரையாடலை அவருக்கு ஒப்பித்தேன். அவர் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து, தலையில் கையை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார். சிரிப்பு முற்றினால் அவருக்கு அப்படித்தான். தெளிந்ததும் சொன்னார். அவரும் ஒரு காலத்தில் வேட்டைக்குப் போனவர். அவர் சிசிலி மொழியில் சொன்னது எங்கள் வாயில் இப்படி வரும்: "வேட்டைச் சட்டத்திலை துவக்கு இருக்கு, வில்லு இருக்கு, வல்லூறு கூட இருக்கு. பலெஸ்திரா இல்லை. வீட்டிலை வைச்சிருக்கலாம், பலகையிலை அடிச்சுப் பழகலாம். அதோடை காட்டுக்குள்ளை போனால் வழக்கு."

"வல்லூறு சரியோ?"

"நீ கையிலை ஒரு வல்லூறை இருத்திக்கொண்டு போனால் காட்டுக் காவலர் கூட நிண்டு படம் எடுப்பார். இதோடை போனால் உன்னைக் கூட்டிக்கொண்டு போவார்."

வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்தேன். நான் பலேர்மோவுக்கு வந்த புதிதில் வீட்டு வேலைக்கு நின்ற இடத்துச் சின்யோரா கொடுத்த தடித்த அகராதி அது. அதை நான் கொஞ்சமா புரட்டியிருக்கிறேன்! ஆனால் பலெஸ்திரா என்ற சொல்லை ஒரு நாளும் தேடியதில்லை. தெரிந்த சொல்லை யார் அகராதியில் தேடுகிறான்? அதில் முதலாவது பொருள், குறுக்குவில். இரண்டாவது பொருள்தான் லொறி. ஆர்கோவையும் தேடினேன்: முதலாவது பொருள், கையால் இழுக்கிற சாதாரண வில்; வெல்டிங் எங்கேயோ கடைசியில். என்னை மட்டும் குறை சொல்லாதே, நம் மொழியும் அப்படித்தான். வில் என்றால் அம்பு விடுவது, வில்லுவண்டி என்றால் குலுங்காமல் போவது. அவர்கள் குறுக்குவில்லின் பெயரை வண்டிக்குக் கொடுத்தார்கள், நாங்கள் நேர்வில்லின் பெயரைக் கொடுத்தோம். இரண்டு மொழிக்கும் நடுவில் படுத்திருந்தவன் நான்.

இன்னும் வாசித்தேன். ஒரு காலத்தில் திருச்சபையே குறுக்குவில்லைத் தடைசெய்ததாம், கிறிஸ்தவர்கள் மேல் அதைப் பாவிக்கக்கூடாது என்று. மற்றவர்கள் மேல் பாவிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப என்னை அடிக்கலாம், உங்களை அடிக்கேலாது. நல்ல சட்டம்," என்றாள். பன்றி எந்தப் பக்கம் என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் உனக்கு நான் போன் எடுக்கவில்லை. இதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத வெட்கமாக இருக்கிறது. நீ வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவன். அந்த அனுமதிக்காக, மூன்று வயதில் நாட்டை விட்டு வந்த உன்மேல் இலங்கையில் குற்றம் எதுவும் இல்லை என்று ஒரு கடிதம் எடுத்துக் கொடுத்தோமே, நினைவிருக்கிறதா? சட்டம் உனக்குத் தெரியும், நீயாகவே அதை மூலையில் வைத்துவிடுவாய், என் மடத்தனம் வெளியே வராமல் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். நாட்களைக் கடத்தினேன். நீ ஒருமுறை போனில், "அப்பா, எண்ணெய் பூசி வைச்சிருக்கிறன்," என்றாய். "நல்லது," என்றேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை பருப்பின் முன்னால் அம்மா சொன்னாள். "சனிக்கிழமை போறானாம். அந்தச் சாமானை மாமனுக்கு இன்னும் காட்டேல்லையாம். பையுக்குள்ளை வைச்சுக் கொண்டுபோய்க் காட்டுக்குள்ளைதான் எடுப்பானாம்."

"அது கூடாதெண்டு அவனுக்குத் தெரியுமெல்லோ?"

"தெரியுமாம். நானும் கேட்டனான். 'தெரியும் அம்மா. ஆனா அப்பா இவ்வளவு காலத்துக்குப் பிறகு எனக்கெண்டு ஒண்டு சொன்னவர். பயத்திலை சொன்னவர். அதை எப்பிடித் தட்டுறது?' எண்டு கேக்கிறான்."

நான் தட்டைத் தள்ளிவைத்தேன். உன் குடியுரிமைக் கோப்பு இன்னும் முடியாமல் கிடக்கிறது. அதில் 'வழக்கு' என்று ஒரு சொல் விழுந்தால் போதும். வதிவிடப் பெர்மெஸ்ஸோவுக்காக விடிய எழும்பி குவெஸ்தூராப் பொலிஸ் வாசலில் வரிசையில் நின்ற வருடங்கள் எல்லாம் உனக்குத் தெரியும், என் தோளில் தூங்கியபடி நீயும் நின்றிருக்கிறாய். அத்தனையையும், வேட்டை அனுமதியையும், மாமனார் உன்மேல் வைத்த நம்பிக்கையையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு நீ காட்டுக்குப் போகப்போகிறாய். எதற்காக? மீன் லொறிக்குக் கீழே கிடந்தவன் வானுக்குச் சொன்ன யோசனைக்காக.

ஏன் அந்த யோசனை உனக்கு அவ்வளவு பெரிதாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். அதைப் பெரிதாக்கியவன் நான். நீ கிரேசியாவைக் கலியாணம் செய்யப்போகிறாய், அவள் ஊரில் போய் இருக்கப்போகிறாய் என்று சொன்ன நாளில், நான் "உன்ரை அலுவலை நீயே பார்," என்றேன். பிறகு பதினான்கு மாதம் உன்னோடு கதைக்கவில்லை. இரண்டு அறை உள்ள வீட்டில் கதைக்காமல் இருப்பது எளிதான வேலை இல்லை, அதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். நீ கதவடியில் நிற்பாய், நான் அம்மாவிடம் சொல்வேன்: "உன்ரை மகனிட்டைச் சொல்லு, கதவைச் சாத்தச்சொல்லி." அம்மா உன் பக்கம் திரும்பி, "கதவைச் சாத்தட்டாம்," என்பாள். நீ, "சாத்துறன் எண்டு சொல்லுங்கோ," என்பாய். அவள் என் பக்கம் திரும்புவாள். கடைசியில் ஒருநாள் அகப்பையை மேசையில் போட்டுவிட்டு, "நான் என்ன உங்கள் ரெண்டு பேருக்கும் போஸ்ட் ஒபீஸோ?" என்று கத்தினாள். அதன் பிறகும் நாங்கள் தபாலை நிறுத்தவில்லை. திருமணத்தில் உன்னை வாழ்த்தினேன், படத்துக்குச் சிரித்தேன். ஆனால் உன்னிடம் நேராகச் சொன்ன வசனம் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. வேதக்காரப் பொடியன் வன்னிச் சைவப் பெட்டையைக் கூட்டிவந்தபோது என் அப்பு, உன் அப்பப்பா, என்னோடு மூன்று வருடம் கதைக்கவில்லை. அது எவ்வளவு முட்டாள்தனம் என்று ஊரெல்லாம் சொல்லித்திரிந்தவன் நான். நீ சொன்னபோது நான் அவரைவிட நாகரிகமாக நடந்துகொண்டதாகவே நினைத்தேன், பதினான்கு மாதம்தானே என்று.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாஸ்த்ரோ தூரி என்னை நகரத்துக்கு வெளியே ஒரு மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய மைத்துனர் அங்கே அம்பு எய்யப் பழக்குபவர். பூசையில் நான் பார்த்துக்கொண்டிருந்த சுரூபம், மரத்தில் கட்டப்பட்டு உடம்பெல்லாம் அம்பு பாய்ந்த நம் புனிதர்தான். அவர் என்னை அன்று ஒரு மாதிரிப் பார்த்ததாகப் பட்டது. "உங்கடை சாமிக்கு அடிச்சவையின்ரை பக்கமோ இப்ப என்ரை பிள்ளை?" என்று அம்மா ஏற்கெனவே கேட்டிருந்தாள். ஆனாலும் போனேன். மகனுக்கு ஒரு விஷயத்தில் யோசனை சொல்லிவிட்டு, சொன்ன பிறகாவது அதைத் தெரிந்துகொள்வது ஒரு தகப்பனின் கடமை என்று நினைத்தேன்.

முதலில் குறுக்குவில்லைத் தந்தார்கள். முன்னால் உள்ள வளையத்தில் காலை வைத்து, இரண்டு கையாலும் நாணை இழுத்து ஒருமுறை மாட்டிவிட்டால் போதும். பிறகு அது உனக்காகப் பிடித்துக்கொண்டிருக்கும். நீ கோப்பி குடிக்கலாம், கதைக்கலாம், தும்மலாம். விசையைத் தொட்டால் போகும். என் முதல் அம்பே பலகையின் நடுவில் போய் நின்றது. எனக்குப் பெரிய சந்தோசம். இரண்டாவது ஏற்றினேன். அந்த நேரம் யாரோ பலகைப் பக்கம் நடந்தார்கள். "சரி, நான் விடேல்லை, இறக்கி வைக்கிறன்," என்றேன். மைத்துனர் தலையை ஆட்டினார். இறக்க முடியாதாம். ஏற்றிய பலெஸ்திராவைக் கையால் தளர்த்தக்கூடாது, ஓர் அம்பை எங்கேயாவது விட்டால்தான் அது அடங்கும். அந்த ஆள் விலகும்வரை அதைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு மண்ணுக்குள் விட்டேன். அம்பு பாதிக்கு மேல் புதைந்துபோனது.

அடுத்து வில். தம்பி, வில் என்பது அவமானத்துக்கென்று செய்த கருவி. முதல் அம்பு என் காலடியில் விழுந்தது. இரண்டாவதை யாரும் காணவில்லை, இன்னும் தேடுகிறார்கள் என்று நினைக்கிறேன். மூன்றாவதில் நாண் என் முழங்கையின் உட்பக்கத்தைத் தோல் உரியும்படி அடித்தது. அம்மா அந்த நீலத்தைக் கண்டு "லொறியோ?" என்று கேட்டாள், நானும் ஓம் என்றேன். நாலாவதை இழுத்துக் குறிபார்த்துக்கொண்டே நின்றேன். சரியாகக் குறி வரும்வரை விடுவதில்லை என்று வீம்பு. கொஞ்ச நேரத்தில் தோள் நடுங்கியது, கை எரிந்தது. "ஒண்டில் விடு, இல்லாட்டி மெதுவா இறக்கு. பிடிச்சுக்கொண்டு நிக்கேலாது," என்றார் மைத்துனர். மெதுவாக இறக்கினேன். நாண் பழைய இடத்துக்குப் போனது. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அம்பு என் கையிலேயே இருந்தது.

நகரத்துக்குத் திரும்பும்போது கார் கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி மாதங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். மாஸ்த்ரோ நான் களைத்துப்போனேன் என்று நினைத்தார்.

பதினான்கு மாதம், தம்பி. கை வலித்திருந்தால் பதினான்கு நிமிடத்தில் இறக்கியிருப்பேன். எனக்கு வலிக்கவே இல்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன், புத்தகம் வாசித்தேன். ஏற்றியது ஏற்றியபடி இருந்தது. கிரேசியாவோடு உனக்கு ஒருநாள் கோபம் வரும். வராது என்று சொல்கிறவன் கலியாணம் செய்யாதவன். அந்தக் கோபத்தை நீ எதில் வைத்திருக்கிறாய் என்று மட்டும் பார். கை வலிக்கிற மாதிரி வைத்துக்கொள். உன் ஆயுதத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். பன்றியைப் பற்றி உன் மாமனாரைக் கேள்.

அவரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கலியாண விருந்தில் சின்யோர் பீனோ என் பக்கத்தில் உட்கார்ந்து, போன வருடம் ஒரு பன்றியும் கிடைக்கவில்லை, அதற்கு முந்திய வருடமும் கிடைக்கவில்லை என்று சந்தோசமாகச் சொன்னார். பாவம், மனுசனுக்குக் கண் சரியில்லை என்று நினைத்தேன். வில்லுக்கு மாறுவதற்கு முன், துவக்கு வைத்திருந்த காலத்தில் நிறையக் கிடைத்ததாம். "ஆனா அப்ப காட்டிலை எனக்கு ஒண்டும் கேக்கேல்லை," என்றார். அப்போது அது விளங்கவில்லை. மைதானத்தில் கேட்டபோதுதான் சொன்னார்கள்: வில்லால் பன்றியை அடிக்க இருபது மீற்றர் கிட்டப் போகவேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவேண்டும். அசையாமல் உட்காரவேண்டும். பாதி நாள் அம்பை எடுக்காமலே திரும்பி வரவேண்டும். அப்படி உட்கார வருகிறாயா என்றுதான் அவர் உன்னைக் கேட்டிருக்கிறார். பன்றியை நீ முதல் நாளே விழுத்திக் காட்டவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. விசையைத் தொட்டுப் பன்றியை விழுத்தினால், அவருக்கு மருமகன் கெட்டிக்காரன் என்று தெரியும், அவ்வளவுதான். வில்லை எடுத்துக்கொண்டுபோய், "மாமா, எனக்கு இழுக்கவே தெரியாது, காட்டித்தாருங்கோ," என்று சொன்னால் மிச்சம் தானாக வரும். நான் உனக்குச் செய்யாமல் விட்டதில் கொஞ்சத்தை அவர் செய்யட்டும். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

ஆர்கோ முறிந்து ஆள் தப்பாது என்று நான் சொன்னதை அவரிடமும் சொல். மேசையில் எல்லோரும் இருக்கும்போது சொல். அந்தச் சிரிப்பு முழுவதும் எனக்குச் சேரவேண்டியது, அதில் உனக்குப் பங்கில்லை. பன்றி கிடைத்தால் அம்மா தனக்குக் கொஞ்சம் வேண்டும் என்கிறாள். "செவ்வாய் வெள்ளி இல்லாத நாளாப் பாத்து அனுப்பச்சொல்லுங்கோ," என்றாள்.

இங்கே வரை நேற்று எழுதினேன். கடித உறையில் போட்டு, முருங்கைக்காய்ப் பையில் செருகும்படி அம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"தம்பிக்கு. குடுத்துவிடு."

"போஸ்ட் ஒபீஸ் பூட்டிப்போட்டம்," என்றாள்.

நான் போன் எடுக்கலாம் என்றும் யோசித்தேன். போனில் நாங்கள் இருவரும் கதைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மேலே எழுதியதே சாட்சி. ஆகவே மாஸ்த்ரோவிடம் வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டேன். ஏன் என்று கேட்டார். "பலெஸ்திரா மாத்தப் போறன்," என்றேன். "எதை?" என்றார். இரண்டையும் என்றேன். உன் வானுக்குச் சரியான தகட்டை, புதியதை, அவரே எடுத்துத் துணியில் சுற்றித் தந்தார். அது பாரம். பஸ்ஸில் என் காலடியில் கிடக்கும். மற்றதை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிடு. ஏற்றியபடி இருந்தால் முதலில் மண்ணுக்குள் விட்டு அடக்கு.

ஆகவே இதை நீ வாசிக்கும்போது நான் உன் குசினியில், உனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். நான் உன் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. அம்மா கிரேசியாவோடு முருங்கைக்காயைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பாள், இருவருக்கும் பொதுவான மொழி இல்லாததால் சத்தமாக. நீ விரலை வைத்து எழுத்துக்கூட்டுகிறாய். அவசரமில்லை. நான் சனி வரை நிற்பேன், நீயும் மாமனாரும் காட்டிலிருந்து வெறுங்கையோடு வருவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். தெரியாத சொல் வந்தால் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு என்னைக் கேள். நான் முதலில், "எதுக்குக் கேக்கிறாய், தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன்.